கீழே இறங்கி வந்த வாசல்

போன மாதம் ஒரு காலை. ராஜபாளையத்தில் என் கடையில் ஒரு மின்விசிறிக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, திரையில் 'சாமி' என்று பெயர் வந்தது. இந்த நேரத்தில் கூப்பிட்டால் ஏதாவது கோட்டைச் சமாச்சாரமாகத்தான் இருக்கும். "சொல்லுங்க சாமி, இன்னைக்கு எந்தச் சுவரு இடிஞ்சுது?" என்றேன். மறுமுனையில் பேசியது அவர் மனைவி வைதேகி மாமி. "அண்ணா, அவர் போயிட்டார். காபி குடிச்சார், அப்படியே சாய்ஞ்சு உட்கார்ந்தார். அவ்வளவுதான்" என்றார். சாவுச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்கிற இன்னாலில்லாஹி தானாக வாயில் வந்தது. என் கேலியோடு ஆரம்பித்த அந்தப் போன் பேச்சை நினைத்தால் இன்னமும் கூசுகிறது. சாமி இருந்திருந்தால் அதையே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு ராகவன் என்று சொன்னால் யாரென்று தெரியாது. மில்லில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக் கொலுவுக்கு வந்து சுண்டல் வாங்கித் தின்றவர்களுக்கும் அவர் 'கோட்டைச் சாமி'. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவர் மெஷின் பிட்டர், நான் எலக்ட்ரீஷியன். அப்போது என் வீடும் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துப் பக்கம். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தே தலை நரைத்தவர்கள்.

செய்தி கேட்டு பஸ் ஏறியதும், பழக்கதோஷத்தில் மலை தெரியும் ஜன்னல் சீட்டை விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஜன்னல் சீட்டு சாமியுடையது. அவர் வழிநெடுக மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே வருவார். எங்கே கோட்டை கட்டலாம் என்று இடம் தேடுவார்! "உச்சியில கட்டக்கூடாதா சாமி?" என்று ஒருமுறை கேட்டேன். "கோட்டை கட்டுறவன் உச்சியப் பாக்க மாட்டான் பாய், ரோட்டப் பாப்பான். யாரு வாரா, யாரு போறா, எம்புட்டுச் சரக்கு போகுதுன்னு தெரியணும். அதுக்குத்தான் மலை" என்றார். மம்சாபுரம் பிரிவுக்கு எதிரே ஒரு மேடு அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கு அந்த மேடு வந்தபோது நான் குனிந்துகொண்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த பையன் என்னவென்று நினைத்தானோ.

இந்தக் கோட்டைப் பைத்தியம் பிடித்தது இத்தாலியில். நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. மில்லுக்குப் புதிதாக வந்த நூல் சுற்றும் மெஷின்கள் அந்த நாட்டில் செய்தவை. அவற்றைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்டு வரும்படி எங்கள் இருவரையும் ஒரு குளிர்காலத்தில் அனுப்பினார்கள். அவர் கறி தொடாதவர், நான் எல்லாக் கறியும் தின்ன முடியாதவன். கம்பெனிக் கேண்டீனில் எங்களைப் பார்த்தாலே பரிமாறுகிற அம்மாளுக்கு அழுகை வரும். கடைசியில் அறையிலேயே சோறு பொங்கி, மாமி கொடுத்துவிட்ட புளிக்காய்ச்சலைப் பிசைந்து தின்றோம். எனக்கு அந்த மாதங்கள் எல்லாம் குளிரும் புளிச்சோறும்தான். அவருக்கு வேறொன்று கிடைத்தது. எங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் குன்றின் மேல் ஒரு பழைய கோட்டை நின்றது. அந்த ஊர்க்காரர்கள் அதை 'ரோக்கா' என்பார்கள். மலைக்கோட்டை என்று அர்த்தமாம்.

ஞாயிறு தவறாமல் ஏறுவோம். எனக்கு அது ஒரு கல் குவியல். சாமி அதை மெஷின் பார்ப்பதுபோலப் பார்த்தார். முதல் நாளே வாசலில் நின்றுவிட்டார். உள்ளே நுழைந்ததும் வழி நேராகப் போகாமல் சட்டென்று வலப்புறம் திரும்பியது. "ஓடி வாரவன் இங்க வேகத்தக் குறைச்சே ஆகணும், பாய். மேல பாருங்க" என்றார். மேலே கூரையில் ஓட்டைகள். திரும்பத் தடுமாறுகிறவன் தலையில் கல்லைப் போடுவதற்கு. மேலிருந்து கதவு இறங்கி ஏறிய பள்ளம் இரண்டு பக்கக் கல்லிலும் தேய்ந்து கிடந்தது. அதில் விரலை வைத்துத் தடவி, "நல்லா ஓடியிருக்கு" என்றார். நம் மில்லில் பேரிங்கைத் தொட்டுச் சொல்வாரே, அதே குரல்.

அந்தக் கோட்டையின் கதையை அவர் சொல்லி நான் கேட்ட மாதிரி வேறு யாரும் கேட்டிருக்க முடியாது. எனக்குத் தப்பிக்க வழியில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஒரு ஜமீன்தார் குன்றின் மேல் ஒற்றைக் கோபுரம் கட்டினானாம். அவன் பேரன்கள் அதைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். ஊர் பெருத்தபோது ஊருக்கும் சேர்த்து வெளியே இன்னொரு மதில். பிறகு பக்கத்து நகரத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டு கோபுரத்தைச் செங்கல்லால் உயர்த்தினார்கள். அதனால்தான் கோபுரம் பாதிவரை கருங்கல்லாகவும் அதற்கு மேல் சிவப்பாகவும் இருந்தது. பீரங்கி வந்தபின் உயரமான சுவரே ஆபத்தாகிவிட்டது. சுவரின் அடியில் பாவாடை விரித்ததுபோலச் சாய்வாக, தடிமனாக இன்னொரு சுவர் கட்டினார்கள். குண்டு பட்டாலும் சறுக்கிப் போகும். அப்புறம் சண்டைக்கே வேலையில்லாமல் போய், ஜெயிலாகி, தானியக் கிடங்காகி, அக்கம்பக்கத்து விவசாயிகள் வீடு கட்டக் கல் பிடுங்கிப் போனார்கள். "ஒரு சுவரப் பாத்தா அவன் யாருக்குப் பயந்தான்னு சொல்லிரலாம்" என்பார் சாமி. இதை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று மில்காரர்களுக்கே தெரியும்.

ஒரு ஞாயிறு மதில் மேல் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். மதிலின் விளிம்பில் பல்வரிசைபோல நின்ற கற்களைக் காட்டி விளக்கம் சொன்னார். அந்தக் காலத்தில் அங்கே இரண்டு கட்சியாம். போப் பக்கம் ஒன்று, சக்கரவர்த்தி பக்கம் ஒன்று. போப் கட்சிக்காரன் கட்டினால் பல் தட்டையாக இருக்கும், சக்கரவர்த்தி கட்சி என்றால் நடுவில் வெட்டு விழுந்து இரண்டு கொம்பாக நிற்கும் என்பார்கள். "அதையும் முழுசா நம்பக்கூடாது பாய். பின்னால ரிப்பேர் பாத்தவன் அழகுக்காகக் கொம்பு வச்சிருப்பான்" என்றார். நான் சும்மா இருக்கக் கூடாதா? "அடடா, ஒங்க நாமம் மாதிரியில்ல இருக்கு. அங்கயும் வடகலை தென்கலையா?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்தபின் சோற்றைத் தொடவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. சாமி தென்கலை, மாமி வடகலை. ராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்த மாமியும் அவரும் ஒருவரையொருவர் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மாமியின் அப்பா கும்பகோணத்துக்காரர், அரசாங்கத்தில் பாலமும் அணையும் கட்டிய இன்ஜினியர். கல்யாணத்துக்கு வரவில்லை. பிறகு வருஷா வருஷம் ஆண்டாளைச் சேவிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் வருவார், கோயிலில் வைத்து மகளைப் பார்ப்பார், பேசுவார், அழுவார்கூட. வீட்டுக்கு மட்டும் வர மாட்டார். "அதான் பார்த்தாச்சே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார். ஒவ்வொரு தடவையும் மாமி வீட்டில் சமைத்து வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார். அந்தச் சாப்பாட்டை இரண்டு பேருமாக ராத்திரி வரைக்கும் தின்பார்கள். சாமிக்கு மாமனார் மேல் கோபமில்லை. அந்தச் சமையலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பேசிக்கொண்டே கோபுரத்தடிக்குப் போனோம். நான் சுற்றிச் சுற்றி வந்தேன், உள்ளே போக வாசலைக் காணோம். சாமி மேலே கை காட்டினார். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, மொட்டைச் சுவரின் நடுவில் ஒரு சின்ன வாசல். கோட்டைச் சாவியை வைத்திருந்த கிழவர் எங்கள் முழியைப் பார்த்துவிட்டு, மேலே நின்று ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வதுபோல நடித்துக் காட்டினார். "வெளி மதில் போயி, உள் மதிலும் போச்சுன்னா, கடைசியா இதுக்குள்ள ஏறிக்கிட்டு ஏணிய இழுத்துக்கிடுவான். பொறவு எவன் என்ன செய்ய முடியும்?" என்றார் சாமி. மேலே பார்த்தபடியே சொன்னார். "ஆனா வேண்டியவன் வந்து நின்னாலும் ஏற முடியாதுல்ல. எங்க மாமனார் இப்படித்தான் உக்காந்திருக்காரு, பாய்."

ஊர் திரும்பிய அந்த வருஷ நவராத்திரியிலேயே மாமியின் கொலுப்படிக்குக் கீழே இத்தாலிக் கோட்டை வந்துவிட்டது. மற்ற வீடுகளில் படிக்குக் கீழே பூங்காவும் குளமும் செட்டியார் கடையும் இருக்கும். இங்கே கழிவுப் பஞ்சும் மைதாப் பசையும் குழைத்துச் செய்த குன்று, மெஷின் உதிரிபாகம் வந்த அட்டைப்பெட்டியில் வெட்டிய மதில், பாதி கறுப்பும் பாதி சிவப்புமாகக் கோபுரம். கோபுரத்தின் நடுவில் அந்த வாசல், அதில் சாய்த்து வைக்க விரல் நீளத்தில் ஒரு மர ஏணி. சீரியல் பல்பு கட்டுவது வருஷா வருஷம் என் வேலை. தாம்பூலம் வாங்க வந்த பெண்கள், "இது எந்த ஊரு திருமலை?" என்று கேட்பார்கள். சாமி சளைக்காமல் எல்லாருக்கும் ஆயிரம் வருஷக் கதையையும் சொல்வார். சுண்டல் ஆறிப்போகும். மாமி உள்ளேயிருந்து, "அவாளை விடுங்கோ, இன்னும் நாலாத்துக்குப் போகணும்" என்று குரல் கொடுப்பார்.

தப்பென்று தெரிந்தால் அதை வைத்துக்கொண்டிருக்கிற ஆளில்லை அவர். அதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் மகன் வாங்கிக் கொடுத்த போனில் ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் எனக்குப் போன் பண்ணினார். "பாய், மோசம் போயிட்டோம்! உள் மதிலு நாலு பக்கமில்ல, அஞ்சு!" நாலாவது பக்கம் லேசாக ஒடிந்து திரும்புவதை நாங்கள் கீழே நின்று கவனிக்கவில்லை. அந்த வருஷம் மதில் முழுவதையும் பிய்த்து எறிந்து புதிதாகக் கட்டினார். யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். "எனக்குத் தெரியுமே" என்றார். அப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு தப்பைக் கடைசிவரை திருத்தவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இத்தாலி போய்வந்து சில வருஷங்கள் கழிந்த ஒரு நவராத்திரி. பல்பு கட்டப் போனேன். கோட்டை வழக்கமான இடத்தில் இல்லை. கொலு கூடத்தில் இருக்க, கோட்டையை மட்டும் தெருவாசலை ஒட்டிய நடையில், ஒரு பெஞ்சின் மேல் தூக்கி வைத்திருந்தார். தெருவில் போகிறவன் கழுத்தைத் திருப்பினால் கண்ணில் படும். அதைவிடப் பெரிய அநியாயம், கோபுரத்தின் நடுவில் இருந்த வாசலைக் காணோம். அந்த இடம் அடைத்துப் பூசப்பட்டிருந்தது. அதற்குப் பதில் தரையோடு தரையாக ஒரு பெரிய வாசல், ரத்தச் சிவப்பில்.

"என்ன சாமி இது! வாசல் கீழ வந்துருச்சு?" என்றேன்.

"பெயிண்ட் காயல, தொட்டுராதீங்க" என்றார். "பல்பு வெளிச்சம் நேரா அந்த வாசல்ல விழணும், பாய்." பிறகு அந்தக் குட்டி ஏணியை என் சட்டைப்பையில் போட்டார். "இத ஒங்க கிட்ட வச்சுக்கிடுங்க. வீட்டுல கெடக்க வேண்டாம்." வயசானால் மனிதனுக்குப் புத்தி இப்படித்தான் போகும்போல என்று நினைத்துக்கொண்டு பல்பைத் திருப்பினேன். அன்று மாமனார் ஆண்டாளைச் சேவிக்க வந்திருக்கிறார், மாமி கோயிலில் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

விளக்கு வைத்த நேரம். நான் ஸ்டூலின் மேல் நின்று வயரை முடிந்துகொண்டிருந்தேன். கோயிலிலிருந்து பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் ஒரு பெரியவர் வேகமாக வாசலைத் தாண்டிப் போனார். போனவர் நின்றார். இரண்டு எட்டுத் திரும்பி வந்தார். தெருவிலிருந்தபடியே கழுத்தை நீட்டிக் கோட்டையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், கட்டின பாலம் கண்முன்னால் சரிகிறமாதிரி இருந்தது.

"யார் பண்ணினது இது?" என்றார் தெருவிலிருந்து.

"நான்தான் மாமா" என்றார் சாமி.

"கடைசிக் கோபுரத்துக்கு எவனாவது தரையிலே வாசல் வைப்பானா? செஞ்சிக் கோட்டையிலே பார்த்திருக்கேளா? உச்சிக்குப் போற வழியிலே நடுவிலே பள்ளம், மேலே மரப்பாலம். பாலத்தை எடுத்துட்டா முடிஞ்சுது. இங்கே என்னடான்னா எதிரியைத் தாம்பூலம் வச்சு அழைக்கிற மாதிரி வாசல் வச்சிருக்கேள்!"

"எங்கே வைக்கணும்னு தெரியலை மாமா. காட்டினேள்னா சரி பண்ணிடறேன்."

பெரியவர் செருப்பைக் கழற்றினார். படியேறினார். நடைக்குள் வந்து, கோபுரத்தின் மேல், அடைத்துப் பூசின அதே இடத்தில் விரலை வைத்தார். "இங்கே" என்றார். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து வந்த மாமி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் மகளைப் பார்த்தார். தான் எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். "குடிக்கத் தீர்த்தம் கொண்டா" என்றார் பெரியவர். அன்றைக்கு மாமி சமைத்ததை மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்குக் கூடத்தில் இலை போட்டார்கள். சாமி எனக்குப் பாயசத்தை இரண்டு தடவை ஊற்றினார், என் முகத்தை மட்டும் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு பெரியவர் ஒவ்வொரு நவராத்திரிக்கும் மூட்டைமுடிச்சோடு வந்து இறங்குவார். வந்ததும் முதலில் கோட்டையைப் பார்ப்பார். வாசல் தரையிலேயே இருக்கும். "இன்னும் திருத்தலையா?" என்று ஆரம்பிப்பார். "அடுத்த வருஷம் பண்ணிடறேன் மாமா" என்று சாமி தலையைச் சொறிவார். சாகிறவரை அவர் பார்த்தவரிடமெல்லாம், "மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, ஆனா கோட்டையைப் பத்தி ஒரு இழவும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்து பார்த்த ஒரு வரலாற்று வாத்தியாரும் அதையே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி சிரித்தபடி சுண்டல் நீட்டினார். பெரியவர் காலமான பின், இனியாவது வாசலை மேலே ஏற்றலாமே என்று கேட்டேன். "வேண்டாம் பாய். இப்படியே வந்து பழகின மனுஷன். கொலு வச்சா அவிய ஞாபகம் இங்கதான் சுத்தும். வாசல் இல்லேன்னா தேடுவாக" என்றார்.

சாமியின் காரியங்கள் முடிந்து, வந்த சனங்கள் கலைந்தபின் மாமியைப் பார்க்கப் போனேன். இந்த வருஷம் அந்த வீட்டில் கொலு கிடையாது. கோட்டை பரண்மேல் பழைய போர்வைக்குள் இருந்தது. எனக்கு ஒரு தவிப்பு. தன் புருஷனுக்குக் கோட்டை தெரியாது என்றே மாமி நினைத்துக்கொண்டிருந்தால்? அவர் வேண்டுமென்று செய்ததை நான் ஒருத்தனே தெரிந்து வைத்துக்கொண்டு செத்துப்போவது நியாயமில்லை. சட்டைப்பையிலிருந்து ஏணியை எடுத்து மாமியின் முன்னால் வைத்தேன். சொல்ல வாயெடுத்தேன்.

மாமி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதுக்குப் பெயிண்ட் அடிச்சதே நான்தானே அண்ணா" என்றார். "காணாமப் போனதும் தெரியும். அவர் மேல் வாசலை அடைக்கிறச்சே பசை காய்ச்சிக் கொடுத்ததே நான். எதுக்குன்னு அவரும் சொல்லலை, நானும் கேட்கலை." கொஞ்ச நேரம் அழுதார். பிறகு ஏணியை என் பக்கம் தள்ளினார். "நீங்களே வச்சுக்கோங்கோ. நம்மாத்துக்கு இது வேண்டாம்."

சாமியிடமிருந்து எனக்கு மிச்சம் இதுதான். கடையில் செம்புக் கம்பிச் சுருள்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காயில் சுற்றக் கொடுக்க வருகிறவர்கள், "என்ன பாய் இது, விளையாட்டுச் சாமானா?" என்று கேட்கிறார்கள்.

"ஒரு கோட்டையோட ஏணி" என்கிறேன்.

"கோட்டை எங்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கு. அங்க இது தேவைப்படல."